இறவாரத்தில் ஓர் இடம்
(லப்பைக்குடிக்காட்டில் ஒரு மாலை நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்கள் ஊரின் பெயரில் குடியும் இருக்கிறது, காடும் இருக்கிறது. அப்பெயரின் பூர்வ சரித்திரத்தை ஆராய்வது இன்று எனக்கு இட்ட வேலையன்று; ஆயினும், வெள்ளாற்றின் தென்கரையிலே, எதிர்க்கரைத் திட்டக்குடியைப் பார்த்தவாறு அமைந்திருக்கும் இவ்வூருக்குள் நான் நடந்து வந்தபோது, குடி நாளுக்கு நாள் பெருகிக் காடு நாளுக்கு நாள் சுருங்கும் இக்காலத்தில், இரண்டையும் ஒரே பெயருக்குள் வைத்துவிட்டுப் போன முன்னோர் நம்மிடம் ஏதோ ஒரு பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது. அப்பொறுப்பின் மிகச் சிறிய பகுதி ஒன்றைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய கலயத்தையும் அட்டைப்பெட்டியையும் பலகைத் துண்டையும் கொண்டு, நம்மோடு வாழும் பறவைகளுக்குக் கூடு கட்ட இடம் செய்து கொடுப்பது எப்படி என்பதே இன்றைய விஷயம்.

விஷயம் அற்பமானதுபோலத் தோன்றலாம். கல்வியும் மருத்துவமும் குடிநீரும் பேச்சுக்குக் காத்திருக்க, குருவிக்குப் பெட்டி மாட்டுவதைப் பற்றி ஒரு கூட்டமா என்று உங்களில் சிலர் மனத்துக்குள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆனால், கைப்பணம் செலவழிக்காமல், எந்த அதிகாரியின் உத்தரவுக்கும் காத்திராமல், ஒரு வீட்டார் தாமே ஒரு விடுமுறை நாள் பிற்பகலில் செய்து முடித்து, அந்தப் பருவத்துக்குள்ளேயே பலனைப் பிரத்தியட்சமாகக் காணக்கூடிய தர்ம காரியங்கள் உலகத்தில் மிகச் சிலவே. இது அவற்றுள் ஒன்று. அதோடு, இதை அறியாமையால் தவறாகச் செய்துவிட்டால் நாம் காக்க நினைத்த உயிரையே கொன்றுவிடுவோம். அன்பு மாத்திரம் இதற்குப் போதாது; கையில் ஓர் அளவுகோலும் வேண்டும். நான் சொல்ல வந்ததன் சாரம் அவ்வளவுதான். இனிச் சொல்வதெல்லாம் அதன் விரிவே.

நான் பிறந்து வளர்ந்த வீடு நாட்டு ஓடு வேய்ந்த வீடு. சுவரின் தலைக்கும் ஓட்டைத் தாங்கும் கழிகளுக்கும் இடையே விரல் நுழையும் சந்துகள் வரிசையாக இருக்கும். கூடத்துச் சுவரில் சாய்வாக மாட்டிய படங்களுக்குப் பின்னால் முக்கோணமாக ஓர் இருட்டு இருக்கும். விளக்கு மாடம் ஒன்று, பயன்படாத பரண் ஒன்று, இவையெல்லாம் இருக்கும். அவற்றில் சிட்டுக்குருவிகள் குடியிருந்தன. யாரும் அவற்றை அழைக்கவில்லை, யாரும் துரத்தவுமில்லை. கூடத்தில் விழும் வைக்கோல் துரும்பைப் பாட்டி காலையிலும் மாலையிலும் பெருக்கித் தள்ளுவாள், ஆனால் கூட்டைக் கலைக்க ஒருநாளும் சம்மதிக்கமாட்டாள்.

இந்த உறவு நேற்று இன்று ஏற்பட்டதன்று. குறுந்தொகையில் ஒரு பாட்டு உண்டு. அதில் தலைவி, வீட்டில் வாழும் குருவியின் மாலை நேரத்தை வருணிக்கும்போது, அது முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்பதையும், ஊர்ப் பொதுவிடத்து எருவின் பொடியில் புரண்டு குளிப்பதையும், பிறகு வீட்டு இறவாரத்திலே குஞ்சுகளோடு தங்குவதையும் சொல்கிறாள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் காதல் பாட்டு ஒன்றில் போகிற போக்கில் சொல்லப்பட்ட இந்த மூன்று செய்திகளும், இன்றைய பறவை நூலார் சிட்டுக்குருவியின் வாழ்க்கைக்கு இன்றியமையாதவை என்று கணக்கிடும் ஆகாரம், புழுதி ஸ்நானம், கூட்டுக்கான பொந்து ஆகிய மூன்றுமாகவே அமைந்திருப்பதைக் கண்டு நான் வியந்திருக்கிறேன். அப்புலவர் கூரையை அண்ணாந்து பார்த்தவர் என்பதில் சந்தேகமில்லை.

இன்று அந்த இறவாரம் எங்கே? உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சபுருக்கு, அதாவது வெளிநாட்டுப் பிழைப்புக்குப் போய், பாலைவன வெயிலில் பாடுபட்டு, ஊணைச் சுருக்கி அனுப்பிய பணத்தில் எழும்பிய மாடி வீடுகள் இத்தெருக்களில் நிற்கின்றன. கான்கிரீட்டில் சந்து இல்லை, பொந்து இல்லை, ஜன்னலுக்குக் கண்ணாடியும் கொசுவலையும் வந்துவிட்டன. இதைக் குறையாகச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஐப்பசி மழையில் ஒழுகும் ஓட்டின் கீழே சட்டி பானைகளை வரிசையாக வைத்துவிட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்த தாய்க்குத்தான் ஒழுகாத கூரையின் அருமை தெரியும். மறுபடியும் ஓட்டு வீட்டுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. பழைய வீட்டில் நமக்குத் தெரியாமலே நாம் கொடுத்துவந்த இடத்தைப் புதிய வீட்டில் தெரிந்தே கொடுக்க வேண்டியிருக்கிறது என்று மாத்திரமே சொல்கிறேன்.

சிட்டுக்குருவி அழிந்தே போயிற்று என்று மேடைதோறும் ஒரு புலம்பல் எழுகிறது. கைபேசிக் கோபுரந்தான் அதைக் கொன்றது என்று ஒரு தீர்ப்பும் உடனே வழங்கப்படுகிறது. இரண்டையும் நான் ஏற்கமாட்டேன். நாடெங்குமுள்ள பறவை ஆர்வலர்கள் திரட்டிய குறிப்புகளைக் கொண்டு 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவியின் தொகை கடந்த கால் நூற்றாண்டில் பெரிதும் மாறவில்லை என்றும், சென்னை, மும்பை, டில்லி, கொல்கத்தா, பெங்களூர், ஹைதராபாத் ஆகிய பெருநகரங்களில் அது குறைந்திருக்கிறது என்றும் கண்டிருக்கிறது. கோபுரத்தின் கதிர்வீச்சுதான் காரணம் என்பதோ ஐயமற நிறுவப்படவில்லை. ஆகவே, நாம் இருப்பது இழவு வீட்டிலன்று. நகரங்களில் நேர்ந்தது நம்முடைய ஊர்களில் நேராமல் தடுக்க இன்னும் அவகாசம் இருக்கிறது. நாசிக் நகரைச் சேர்ந்த முகம்மது திலாவர் தோற்றுவித்த அமைப்பின் முயற்சியால் 2010 முதல் மார்ச் 20-ஆம் தேதி உலகச் சிட்டுக்குருவி தினமாகக் கொண்டாடப்படுவதும், எஞ்சியிருப்பதைக் காப்பதற்கான அழைப்பாகவே எனக்குத் தோன்றுகிறது.

இனி, பெட்டி வைத்தால் எந்தப் பறவை வரும், எது வராது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தூக்கணாங்குருவி பனையோலையிலும் கருவேல மரத்திலும் தானே நெய்துகொள்ளும். தையல்சிட்டு இலையைத் தைத்துக்கொள்ளும். தேன்சிட்டு மெல்லிய கிளை நுனியிலே தொங்கவிட்டுக்கொள்ளும். புறாவும் காகமும் குச்சிகளை அடுக்கும். இவற்றுக்கெல்லாம் பெட்டி மாட்டுவது வீண்வேலை. இவற்றுக்குச் செய்ய வேண்டிய உபகாரம் மரத்தையும் வேலிப்புதரையும் வெட்டாமல் விடுவதே. பெட்டியை நாடுபவை பொந்தில் வாழும் பறவைகள்: சிட்டுக்குருவி, மைனா, குண்டுகரிச்சான், புள்ளி ஆந்தை, கூகை முதலியன. சுலைமான் நபிக்கு ஸபா நாட்டுச் செய்தியைக் கொண்டுவந்ததாகத் திருமறை கூறும் ஹுத்ஹுத் என்னும் கொண்டலாத்தியும் பொந்திலேயே முட்டையிடும். பச்சைக்கிளியும் பனங்காடையும் உச்சி இழந்த மொட்டைப் பனையின் பொந்தைத் தேடுகின்றன. பட்டுப்போன பனை எதற்கு என்று அதைச் சாய்த்துவிடுகிறோம். அது மனிதனுக்குத்தான் பட்ட மரம், பறவைக்கோ பல குடித்தனங்கள் சேர்ந்திருக்கும் மாடி வீடு.

பொந்து எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 1896-இல் பம்பாயில் பிறந்து, பின்னாளில் இந்தியாவின் பறவை மனிதர் எனப் போற்றப்பட்ட சலீம் அலி, பத்து வயதுச் சிறுவனாக இருக்கையில், குதிரை லாயத்துச் சுவரின் பொந்தில் அடைகாத்த சிட்டுக்குருவி ஒன்றைக் கவனித்தார். வாசலில் காவல் இருந்த ஆண்குருவியைச் சுட்டு வீழ்த்தினார். சிறிது நேரத்தில் வேறோர் ஆண்குருவி வந்து அதே இடத்தில் காவல் அமர்ந்தது. இவ்வாறு ஏழு நாளில் எட்டு ஆண்குருவிகளைச் சுட்டதாக அச்சிறுவன் தன் நோட்டில் குறித்து வைத்தான். சுட்டது கொடுமைதான், அந்த வயதில் அவருக்கு அது வேட்டை விளையாட்டு. ஆயினும் அந்தக் குறிப்பு ஒன்றை நமக்குச் சொல்கிறது: பொந்து கிடைத்துவிட்டால் ஜோடிக்குக் குறைவில்லை; பொந்துதான் கிடைப்பதில்லை. நாம் கொடுக்கப் போவது அந்தக் கிடைக்காத பொருளை.

இத்தகைய தர்மம் உலகில் புதியதன்று. இஸ்தான்புல் நகரில், உஸ்மானியர் ஆட்சிக் காலத்திலே, பள்ளிவாசல்களின் வெளிச்சுவரில், எட்டாத உயரத்தில், மாடமும் விதானமும் வைத்த சின்னஞ்சிறு மாளிகைகள்போலக் குருவிகளுக்கென்றே கல்லில் வீடுகள் செதுக்கி வைத்தார்கள். உஸ்குதார் பகுதியில் 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த அயாஸ்மா பள்ளிவாசலின் சுவரிலே அவற்றை இன்றும் காணலாம். இறைவனைத் தொழக் கட்டிய சுவரிலே குருவிக்கும் ஒரு பங்கு ஒதுக்கிய அந்தக் கொத்தனாரை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் குளிர்கிறது. நபிகள் நாயகத்தின் தோழர் சிலர் பிரயாணத்தின்போது ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகை அடித்துத் தவித்ததைக் கண்டு, குஞ்சுகளை அதனிடமே திரும்பக் கொடுக்கும்படி நாயகம் பணித்ததாக அபூதாவூத் தொகுப்பில் ஒரு செய்தி இருப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

அமெரிக்காவின் பூர்வகுடிகளான சாக்டா, சிக்காசா மக்கள் கல்லில் செதுக்கவில்லை. அவர்களிடம் சுரைக்காய் இருந்தது. முற்றிக் காய்ந்த சுரைக்குடுக்கையில் ஒரு துளையிட்டு, உயர்ந்த கழியில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஊதாத் தகைவிலான் என்னும் பறவை அதில் குடிபுகுந்தது. பிறகு குடியேறிய ஐரோப்பியரும் அவ்வழக்கத்தைக் கைக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக இது நடந்ததன் விளைவு என்ன தெரியுமா? அக்கண்டத்தின் கிழக்குப் பகுதியில் வாழும் அப்பறவைகள் மரப்பொந்துகளை ஏறக்குறைய முற்றிலும் விட்டுவிட்டு, மனிதர் தொங்கவிடும் குடுக்கைகளையும் பெட்டிகளையுமே இன்று நம்பியிருக்கின்றன. இதில் பெருமையும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. ஒருமுறை இடம் கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் சலித்துக் கழற்றி எறிவது அழகன்று. பெட்டி மாட்டுகிறவன் ஒரு வாக்குறுதி கொடுக்கிறான்.

சுரைக்குடுக்கை நம் நாட்டிலும் உண்டு. கிடைத்தால் அதைவிடச் சிறந்த கூடு வேறில்லை. கிடைக்காதவர்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். வளைகுடாவிலிருந்து கயிறு சுற்றி, நான்கு பக்கமும் பெயரெழுதி வந்து இறங்கும் அட்டைப்பெட்டி இவ்வூரில் இல்லாத வீடு இராது. இரட்டை மடிப்பு அட்டையாகிய அதை வெட்டி, உட்புறம் ஆறங்குல அகலமும் ஒரு சாண் உயரமும் உள்ள சிறு பெட்டியாக மடித்து, சணல் கயிற்றால் கட்டிவிட்டால், ஒரு குருவிக் குடும்பத்துக்கு இரண்டு மூன்று ஈடு வரையில் தாங்கும். செருப்பு வாங்கிய பெட்டியை நெட்டுவாக்கில் நிறுத்தியும் செய்யலாம். மழை அடிக்கும் இடத்தில் அட்டை நிற்காது. தாழ்வாரத்துக்குள்ளும், மாடிப்படியின் அடியிலும், ஜன்னலுக்கு மேலே நீட்டிய சன்ஷேடின் கீழும்தான் நிற்கும். அது நைந்துபோனால் கவலையில்லை. இன்னொரு பெட்டி வந்துகொண்டேயிருக்கும்.

நான் மிகவும் விரும்புவது மண்கலயம். வாய் உடைந்தோ விரிசல் விட்டோ கொல்லையில் கிடக்கும் சிறு கலயத்தை எடுத்து, படுக்கை வாட்டத்தில் இறவாரத்தின் கீழ் உறிபோலக் கயிறு கட்டி ஆடாமல் இறுக்கி, அதன் வாய்க்குள் அடங்கும்படி ஒரு கொட்டாங்குச்சியைப் பொருத்தி, சுற்றிலும் களிமண்ணால் பூசி, கொட்டாங்குச்சியின் நடுவிலே துளை செய்துவிட்டால் வேலை முடிந்தது. வெளியேறும் குஞ்சு காலூன்றி ஏறுவதற்குக் கொட்டாங்குச்சியின் உட்புறத்தைச் சுரண்டி வழவழப்பாக்காமல் அப்படியே விடுங்கள். மண் காற்றை விடும். வெயிலை மெல்ல வாங்கி மெல்லக் கொடுக்கும். ஆகையால் சித்திரை வெயிலிலும் உள்ளே புழுக்கம் குறையும். 

தகரத்தைப் பற்றி நான் சற்று நின்று சொல்ல வேண்டும். பால்பவுடர் டின், பிஸ்கட் டின், எண்ணெய் டின் என்று நம் வீடுகளில் தகரத்துக்குப் பஞ்சமில்லை. இங்கிலாந்தில் பழைய தேநீர்க் கெண்டியை, மழைநீர் வடிந்துவிடும்படி மூக்கைக் கீழாக்கி, வேலிப்புதருக்குள் வைத்தால் ராபின் பறவை அதில் கூடு கட்டுகிறது என்று இளமையில் படித்த நான், அந்நாட்டின் குளிரை மறந்து, ஒரு பிஸ்கட் டின்னில் வட்டமாகத் துளை போட்டு மேற்குச் சுவரில் மாட்டினேன். பங்குனி மாதம் ஒரு ஜோடி வந்தது. நான்கு முட்டை இட்டது. சித்திரை பிறந்தது. பிற்பகல் வெயில் நேராக அத்தகரத்தில் விழுந்தது. ஒரு நாள் தாய்க்குருவி வாசலில் அலகைத் திறந்தபடி மூச்சுவாங்க நின்றதைப் பார்த்தேன். அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. மறுநாள் அது வரவில்லை. ஒரு வாரம் கழித்து டின்னை இறக்கி, கை வைத்தபோது கை சுட்டது. உள்ளே நான்கு முட்டைகளும் வெந்து கிடந்தன. அன்பினால் செய்த காரியம், அளவறியாமல் செய்த காரியம். அன்று முதல் நான் தகரத்தைத் தொடுவதில்லை, நீங்களும் தொடாதீர்கள். தடிமனில்லாத பிளாஸ்டிக் டப்பாவும் அதே குற்றத்தையே செய்யும், அதோடு மூச்சுக்காற்றின் ஈரத்தையும் உள்ளேயே தேக்கும். நான்கங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு சற்றுத் தேவலை. ஆனால் அதன் உட்புறம் வழுக்கும், குஞ்சு ஏற முடியாது. உள்ளே சாக்குத்துணி ஒட்டி, நாள் முழுதும் நிழலிருக்கும் இடத்தில் மட்டும் வைக்கலாம்.

துளையின் அளவுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சிட்டுக்குருவிக்கு ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மில்லிமீட்டர். அளவுகோல் இல்லாதவர்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிதாகப் போட்டால் மைனா புகுந்து குருவியைத் துரத்திவிடும்; இன்னும் பெரிதானால் காகத்தின் அலகு உள்ளே எட்டும். மைனாவுக்கென்றே வைப்பதானால் இரண்டங்குலம் போடுங்கள். அதுவும் நம் ஊர்ப் பறவைதான், அதன்மேல் விரோதம் வேண்டாம். துளை, பெட்டியின் அடியிலிருந்து ஐந்தங்குலமாவது உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் இறகு முளைக்காத குஞ்சு தவறி விழும். அடியில் நீர் வடிய நான்கு சிறு துளை, மேலே காற்றுப் போக இரண்டு சிறு துளை. வாசலில் குருவி உட்கார ஒரு குச்சி வைப்பது பார்வைக்கு அழகு. குருவிக்கு அது வேண்டியதேயில்லை, காகத்துக்கும் பூனைக்கும்தான் அது பிடிமானமாகும். உள்ளே வைக்கோல் பரப்ப வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம். நைலான் நூலும் தலைமயிரும் குஞ்சின் காலில் சுற்றி அறுத்துவிடுமாகையால் அவை முற்றத்தில் கிடக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தரையிலிருந்து பத்தடி உயரம், கிழக்கோ வடக்கோ பார்த்த வாசல், பூனை தாவக்கூடிய மதிலும் கிளையும் அருகில் இல்லாமை, இவை இருந்தால் நல்ல இடம். சிட்டுக்குருவி கூட்டமாக வாழ்வது. ஆகவே ஒரே சுவரில் சில அடி இடைவெளி விட்டு மூன்று நான்கு பெட்டி மாட்டினால் விரைவில் குடிவரும். வீட்டுக்குள் மட்டும் மாட்டாதீர்கள். ஓட்டு வீட்டில் மின்விசிறி இல்லை. இன்றைய கூடத்தில் அது சுழல்கிறது. விசிறியில் அடிபட்டு விழுந்த குருவியைக் கையில் எடுத்த குழந்தை அதை ஆயுளுக்கும் மறக்காது.

மாட்டிய அன்றே குருவி வராது. சில பெட்டிக்கு ஒரு வாரத்தில் வரும், சில பெட்டிக்கு ஒரு வருஷம் ஆகும், சிலவற்றுக்கு வரவே வராது. வராத பெட்டியை இடம் மாற்றிப் பாருங்கள். வந்துவிட்டால் குஞ்சு பறந்துபோகும் வரையில் திறந்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். பறந்த பிறகு, பழைய வைக்கோலை எடுத்தெறிந்து, பெட்டியை ஒரு நாள் வெயிலில் காயவைத்தால், உள்ளே பெருகியிருக்கும் செள்ளும் உண்ணியும் ஒழியும்.

வெள்ளாற்றங்கரையில் நெல்லும், மேட்டு நிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைவிக்கும் உழவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவுக்குருவி என்று நாம் பழிக்கும் வெண்முக ஆந்தையாகிய கூகை, ஓர் இரவிலே பல எலிகளைக் கொல்லும். மலேசியாவில், நம்மவர் பலர் பாடுபட்ட தோட்டங்கள் உட்பட, எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலியை அடக்க இந்த ஆந்தைக்குத்தான் பெட்டி நட்டார்கள். அம்மரங்களில் பொந்து கிடையாதாகையால், பெட்டி கிடைத்ததும் அது பெருகிற்று. ஆப்பிள் வந்த பலகைப் பெட்டியும் பழைய கதவுப் பலகையும் இருந்தால் போதும். இரண்டடி நீளம், ஒன்றரையடி அகலம், ஆறங்குல வாசல், வயலோரத்தில் பன்னிரண்டு அடிக்கு மேல் உயரம். ஆனால் அந்த வயலில் எலி பாஷாணம் வைக்கக் கூடாது. விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் சாகும். அபசகுனம் என்று அதைக் கல்லால் அடிப்பவர்கள், எலி தின்றுபோன மூட்டைக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

பெட்டி மட்டும் குருவியைக் காப்பாற்றும் என்று நான் சொன்னால் அது பொய். தானியம் தின்னும் குருவி, தன் குஞ்சுக்குத் தானியம் ஊட்டுவதில்லை. புழுவும் பூச்சியும்தான் ஊட்டுகிறது. வீட்டைச் சுற்றி ஒரு செடியும் இல்லாமல் சிமென்ட் பூசிவிட்டு, இருக்கிற முருங்கையிலும் மருந்தடித்துவிட்டுப் பெட்டி மாட்டினால், சோறில்லாத வீட்டில் தொட்டில் கட்டிய கதையாகும். ஒரு மூலையில் நான்கடி சதுரம் மண்ணாகவே கிடக்கட்டும். ஒரு சட்டியில் தண்ணீர் இருக்கட்டும். மருதாணியோ நந்தியாவட்டையோ ஒரு புதர் நிற்கட்டும். குறுந்தொகைக் குருவி கேட்டது இதற்கு மேல் ஒன்றுமில்லை.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு வடசென்னையைக் காட்டுவேன். குருவி குறைந்துபோன அதே பெருநகரத்தின் நெருக்கமான தெருக்களில், கூடுகள் டிரஸ்ட் என்னும் அமைப்பினர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குருவிப் பெட்டி செய்யக் கற்றுக்கொடுத்து, நான்கு ஆண்டுகளில் பத்தாயிரம் கூடுகள் உருவாக்கியதைப் பிரதமர் 2024 நவம்பரில் வானொலி உரையிலே பாராட்டினார். பெட்டி செய்யவும் தெரியாமல், பணமும் செலவழிக்காமல் ஓர் ஊர் செய்த காரியமும் உண்டு. 2020-ஆம் ஆண்டு, ஊரடங்குக் காலத்தில், சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்குகளின் சுவிட்ச் இருந்த பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. சுவிட்சைப் போட்டால் கூடு கலையும். ஊரார் கூடிப் பேசினார்கள். குஞ்சு பொரித்துப் பறக்கும் வரையில், ஒரு மாதத்துக்கு மேல், தெருவிளக்கே இல்லாமல் இருட்டில் நடந்தார்கள். வயதானவர்களும் பெண்களும் கைவிளக்கோடு நடந்தார்கள். அச்செய்தியைப் படித்த அன்று, இந்நாட்டைப் பற்றி எனக்கு இருந்த கவலைகளில் ஒன்று குறைந்தது.

பக்கத்து அரியலூர் மாவட்டத்தில், மேட்டூர்த் தண்ணீர் வந்து நிரப்பும் கரைவெட்டி ஏரி இருக்கிறது. ஏறத்தாழ 450 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சரணாலயம், 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து அங்கே குளிர்காலத்தைக் கழிக்கிறது. அதற்குக் காவலுண்டு, சட்டமுண்டு. சிட்டுக்குருவியோ ஏரிக்குப் போகாது, காட்டுக்கும் போகாது. மனிதன் இல்லாத இடத்தில் அது வாழ்வதேயில்லை. அதற்கு வனக்காவலர் நீங்கள்தான்.

ஆகவே, குழந்தைகளே, உங்களிடமே கேட்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வாப்பாவிடமோ அப்பாவிடமோ ஒரு பழைய அட்டைப்பெட்டியும், உங்கள் உம்மாவிடமோ அம்மாவிடமோ ஓர் உடைந்த கலயமும் கேட்டு வாங்குங்கள். இரண்டு விரல் அகலத்துக்குத் துளை போடுங்கள். பெரியவர் ஒருவரை ஏணியில் ஏறச் சொல்லி, நிழலான இடத்தில், தை பிறப்பதற்குள் மாட்டிவிடுங்கள். குருவி முட்டையிட்டால், அடைகாக்கப் பதினொன்று முதல் பதினான்கு நாள், குஞ்சு இறகு முளைத்துப் பறக்க இன்னும் ஒரு பதினைந்து நாள். அந்த ஒரு மாதமும் ஏணியைப் பெட்டியின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.